கண்ணாடிக்கு இருபக்கமும் கிரேக்கம்

கழுகார் என்னைக் கேமரா அறைக்குக் கூப்பிட்டபோதே ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆள் யாரையும் டீ குடிக்கக் கூப்பிடுகிறவர் இல்லை. சிறைக்குள் இருக்கும் கேமராக்கள் அத்தனையையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அவருக்கு. யாராவது கொட்டாவி விட்டால்கூட மேலிடத்துக்குப் போட்டுக்கொடுத்துவிடுவார். கழுகார் என்று நாங்கள் கூப்பிடுவது அவருக்குத் தெரியும். அதில் பெருமை வேறு.

"இதப் பாருங்க" என்று திரையைக் காட்டினார். "உங்க ரூம்தான்."

என் அறையேதான். பெண்கள் சிறையின் சந்திப்பு அறைக்கு நான்தான் வார்டர். நடுவில் கனமான கண்ணாடி. அந்தப் பக்கம் கைதி, இந்தப் பக்கம் வீட்டு ஆட்கள். பேசுவதற்கு இரண்டு பக்கமும் ரிசீவர் தொங்கும். அதில் பேசுவதெல்லாம் பதிவாகும். அந்த அறையில் ஓர் ஈ பறந்தாலும் எனக்குத் தெரியாமல் பறக்காது என்று நான் பீற்றிக்கொள்வது உண்டு.

திரையில் இஸ்திரி உட்கார்ந்திருந்தாள். சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறவள், அதனால் அந்தப் பெயர். எதிரே அவள் மகள், எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். ரிசீவர் இரண்டும் கொக்கியிலேயே கிடந்தன. இஸ்திரி வலது கையில் கட்டைவிரலை நீட்டினாள், அப்புறம் ஆள்காட்டி விரல், அப்புறம் நடுவிரல். பிறகு இடது கையில் அதேபோல் மூன்று. ஒவ்வொரு விரலுக்கும் உதடு அசைந்தது. மகளும் அதேபோல் விரல் நீட்டி உதட்டை அசைத்தாள். பாதியில் இஸ்திரி சிரித்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி முதலிலிருந்து.

"போன மாசமும் இதே கூத்துதான். அதுக்கு முந்தின மாசமும் இதேதான்" என்றார் கழுகார். "பேசினா ரெக்கார்ட் ஆகும்னு தெரிஞ்சே ரிசீவரத் தொடறதில்ல. விரல்ல சேதி போகுது."

"அது கிரேக்கப் பாடம் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சொன்ன எனக்கே அது உளறலாகத்தான் பட்டது.

ஆனால் உண்மை அதுதான். கைதிகளுக்கு ஏதாவது சொல்லித்தர ஆள் வேண்டும் என்று மேலிடம் ஊரெல்லாம் கேட்டிருந்தது. வந்து சேர்ந்தது ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் அம்மா. அவருக்குத் தெரிந்தது பழைய கிரேக்க மொழி ஒன்றுதான். தையல் சொல்லித்தருவார் என்று பார்த்தால், இன்றைக்கு யாரும் வீட்டில் பேசாத ஒரு பாஷையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாரே என்று நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இஸ்திரியும் இன்னும் சில பேரும் சேர்ந்தார்கள். வகுப்பில் பேனா, பென்சில் எதுவும் கூடாது. ஒருத்தி இன்னொருத்தியின் கன்னத்தைப் பென்சிலால் கிழித்த பிறகு வந்த விதி. அதனால் டீச்சர் இலக்கணத்தை விரலில் ஏற்றிவிட்டார். வலது கை மூன்று விரல் நான், நீ, அவள். இடது கை மூன்று விரல் நாங்கள், நீங்கள், அவர்கள். வினைச்சொல்லின் தலை அப்படியே இருக்கும், விரலுக்கு விரல் வால் மட்டும் மாறும்.

"நம்ம மொழியில வந்தேன், வந்தாய், வந்தாள்னு வால் மாறுதில்ல? அதே கதைதான். எதுக்கு இப்படி முழிக்கறீங்க?" என்பார். வகுப்புக்குக் காவலாக நான் நின்ற நாட்களில் என் காதிலும் கொஞ்சம் விழுந்திருந்தது. லூவோ, லூவேய்ஸ், லூவேய். ஏதோ குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி இருக்கும்.

இஸ்திரி சேர்ந்தது மகளுக்காக. தான் வேலை பார்த்த கடையின் முதலாளியை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டு உள்ளே வந்தவள். அந்த ஆள் செய்த காரியத்துக்கு நானாக இருந்தால் இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டிருப்பேன். ஆனால் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு அதைச் சொல்லக் கூடாது. அவள் உள்ளே வந்த நாளிலிருந்து மகள் ரிசீவரை எடுத்ததே இல்லை. கூட வரும் சித்திதான் பேசுவாள். இவள் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பாள். இஸ்திரி கண்ணாடியில் கை வைத்துக் கெஞ்சினாலும் நிமிர மாட்டாள். ஒருநாள் சித்தி, பாதிரிமார் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் இவளுக்குப் பழைய கிரேக்கம் கட்டாயப் பாடம், அதில் ஃபெயில் ஆகிவிட்டாள் என்று சொன்னாள். அடுத்த செவ்வாய்க்கிழமை இஸ்திரி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம்தான் இந்த விரல் ஆட்டம். தாயும் மகளும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்ததே அதிலிருந்துதான்.

இதையெல்லாம் கழுகாரிடம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரமும் எங்களுக்கு எதிராக இருந்தது. அந்த வாரம்தான் சமையலறை மாவு டின்னுக்குள் ஒரு மொபைல் போன் கிடைத்திருந்தது. அது எப்படி உள்ளே வந்தது, யார் வெளியே சொல்லி வரவழைத்தது என்று கண்காணிப்பாளர் மேடத்தை மேலிடம் துளைத்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. கழுகார் தட்டில் வைத்து நீட்டினார்.

மேடம் டீச்சரையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கழுகார் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார்.

"இவங்க உதட்டுல வர்ற வார்த்தை என்ன?" என்று மேடம் கேட்டார்.

"லூவோ" என்றார் டீச்சர்.

"அப்படின்னா?"

டீச்சர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "அவிழ்த்து விடறேன்னு அர்த்தம். அதாவது... விடுவிக்கிறேன்."

"நான் விடுவிக்கிறேன், நீ விடுவிக்கிறாய், அவள் விடுவிக்கிறாள்" என்று மேடம் ஒவ்வொன்றாக விரலை நீட்டிச் சொல்லிப் பார்த்தார். "ஜெயிலுக்குள்ள வந்து சொல்லித்தர உங்களுக்கு வேற வார்த்தையே கிடைக்கலையா டீச்சர்?"

"கிரேக்கம் ஆரம்பிக்கறவங்க காலங்காலமா இந்தச் சொல்லுலதான் ஆரம்பிக்கறாங்க. அடி மாறாது, வால் மட்டும் மாறும், சுலபமா வரும். அர்த்தத்த நான் யோசிக்கவே இல்ல மேடம்" என்றார் டீச்சர்.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, இன்னொரு பக்கம் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

மேடம் கெட்டவர் இல்லை. கறாரானவர். "சங்கேதம்னு நான் முடிவு பண்ணினா, தண்டனை முடியறவரைக்கும் அந்தப் பொண்ணு இங்க வர முடியாது" என்றார். இஸ்திரிக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது. அதற்குள் அந்தக் குழந்தை வளர்ந்து வேறு ஆளாகிவிடும். இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கத் தொடங்கிய பெண், அத்தனை நாள் கழித்து அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாலே பெரிய விஷயம்.

"சோதிச்சுப் பாக்கலாம் மேடம்" என்று நான் வாயை விட்டேன். "பாடமா இருந்தா ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். தனித்தனியா வச்சுக் கேளுங்க."

"கேக்கலாம். ஆனா மனப்பாடம் பண்ணின வார்த்தை வேண்டாம்" என்றார் மேடம். "புதுசா ஒண்ணு குடுங்க டீச்சர். இலக்கணம் தெரிஞ்சா எந்த வார்த்தைக்கும் வால் போடத் தெரியணும், இல்லையா?"

டீச்சர் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "லூவோவ விட்டா அவளுக்கு வேற எதுலயும் கை வராதும்மா. அதையே மந்திரம் மாதிரி சொல்லிட்டு இருக்கா. புதுச் சொல்லுல தடுமாறுவா" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

சனிக்கிழமை சந்திப்பு நாள். முதலில் இஸ்திரியை மேடத்தின் அறைக்குக் கூட்டி வந்தேன். எதற்கென்று அவளிடம் சொல்லக் கூடாது என்று உத்தரவு. ஆனாலும் மேடத்தையும் கழுகாரையும் சேர்த்துப் பார்த்தவுடன் அவளுக்கு விளங்கிவிட்டது.

"பெம்போ. அனுப்புகிறேன்" என்றார் டீச்சர். "மிச்சத்த நீ சொல்லும்மா."

இஸ்திரி கட்டைவிரலை நீட்டினாள். "பெம்போ." ஆள்காட்டி விரல். "பெம்பேய்ஸ்." நடுவிரல். "பெம்பேய்." இடது கைக்கு வந்தபோது வேகம் குறைந்தது. "பெம்பொமென். பெம்... பெம்பெத்தெ." கடைசி விரல் நீட்டியபடியே நின்றது. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "லூவூசி" என்று சொல்லிவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "இல்ல மேடம், தெரியும், தெரியும் எனக்கு. ஒரு நிமிஷம். பெம்பூசி. பெம்பூசிதானே டீச்சர்?"

டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். மேடம் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இஸ்திரியைப் பக்கத்து அறையில் உட்காரவைக்கச் சொன்னார்.

அடுத்தது மகள். சித்தியை வராந்தாவில் நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணை மட்டும் உள்ளே கூட்டி வந்தோம். பள்ளிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டீச்சர் அன்பாகத்தான் கேட்டார். "பெம்போ. அனுப்புகிறேன். மிச்ச அஞ்சையும் சொல்லும்மா."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சதச் சொல்லு போதும்."

ம்ஹூம். தரையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கழுகாரைப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டுகிறது, ஆனால் உதடு பூட்டுப் போட்டதுபோல் இருந்தது. மேடம் பேனாவை எடுத்தார். "தெரியலன்னு எடுத்துக்கலாமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. கோபம் யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தப் பெண்ணின் மேல், கழுகாரின் மேல், கிரேக்கத்தின் மேல், எல்லார் மேலும்தான். "இதென்ன பெரிய கம்ப சூத்திரமா?" என்று சத்தம் போட்டேன். "நானே சொல்றேன். பெம்போ, பெம்போய், பெம்பாஸ், பெம்போமா..."

"நீங்க சொல்லித்தரக் கூடாது!" என்று கழுகார் குதித்தார்.

"தப்புத் தப்பா உளர்றேன் சார், இதுல யாருக்கு என்ன உதவி?" என்றேன். "பெம்பாஸ், பெம்போமா, பெம்பூமா..."

"ஐயோ, அது அப்படி இல்ல!" என்று அந்தப் பெண் கத்தினாள். கத்திய வேகத்தில் ஆறையும் கடகடவென்று கொட்டினாள். விரலும் தேவைப்படவில்லை, யோசிக்கவும் இல்லை. நிறுத்தவும் தெரியாமல், யாரும் கேட்காத இறந்தகாலத்தையும் சேர்த்துச் சொன்னாள். எபெம்பொன், எபெம்பெஸ் என்று என்னென்னவோ வந்தன. சொல்லி முடித்ததும் தான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தவளைப்போல் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

எனக்கு உயிர் வந்தது. டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் சரி மேடம். ஒரு பிசிறு இல்ல. இறந்தகாலம் நான் இங்க வகுப்புல இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"அதான் கேக்கறேன்" என்றார் கழுகார். எழுந்து வந்து மேடத்தின் மேசை முன்னால் நின்றார். "இவ்வளவு தெரிஞ்ச பொண்ணு, வீடியோல மாசாமாசம் ஏன் தப்பாக் காட்டுது? ஒரு தடவ நாலாவது விரல்ல தப்பு. இன்னொரு தடவ ரெண்டாவதுல தப்பு. அம்மா ஒவ்வொரு தடவையும் இல்ல இல்லன்னு தலையாட்டுது. படிக்கிற பொண்ணு போன மாசம் பண்ணின தப்பையாவது திருத்திக்கும். இவளுக்குத் தப்பே வராது மேடம். அப்போ அது தப்பில்ல. சேதி."

டீச்சரின் சிரிப்பு அப்படியே உறைந்துவிட்டது. அந்த ஆள் சொன்னதில் ஓட்டை தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சோதனை வைக்கச் சொன்னது நான், வாயைக் கிளறியது நான். ஒரு தாயையும் பிள்ளையையும் பிரிக்க என் கையாலேயே குழி வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

மேடம் இஸ்திரியைக் கூட்டி வரச் சொன்னார். உள்ளே வந்தவள், மகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவள் சிறைக்கு வந்த பிறகு நடுவில் கண்ணாடி இல்லாமல் அவர்கள் ஒரே அறையில் நிற்பது இதுதான் முதல் தடவை. கிட்டே போக ஓர் அடி எடுத்து வைத்தாள், நான் தோளைத் தொட்டு நிறுத்தினேன். என் வேலை அது.

"உன் பொண்ணு விரல்ல காட்டறப்போ ஏன் எப்பவும் தப்பு வருது?" என்று மேடம் கேட்டார்.

"அவளுக்குக் கிரேக்கம் சட்டுனு மண்டையில ஏறாது மேடம்" என்றாள் இஸ்திரி. மகளை விட்டுக்கொடுக்காமல் எப்படிச் சொல்வது என்று தேடுகிற குரல். "கெட்டிக்காரிதான். இது ஒண்ணுதான் வரல. நான் சொல்லித்தரேன். துணி தேய்க்கறப்போகூட அதையேதான் சொல்லிப் பாத்துப்பேன், அவ கேட்டா எனக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல? இப்பக் கொஞ்சம் பரவாயில்ல. இன்னும் ரெண்டு மூணு மாசம் விட்டீங்கன்னா தேத்திடுவேன் மேடம்."

அந்தப் பெண் பையைக் கசக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரியாகச் சொன்னால் அம்மாவிடம் மாட்டிக்கொள்வாள், தப்பாகச் சொன்னால் மேடத்திடம் மாட்டிக்கொள்வாள்.

மேடம் கழுகார் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையைத் தன் பக்கம் இழுத்தார். "இவ இப்போ ஒரு தப்பும் இல்லாம எல்லாத்தையும் ஒப்பிச்சா. இறந்தகாலம்கூட. எனக்கு வேற வழி தெரியல."

இஸ்திரிக்குப் புரியவில்லை. "யாரு? இவளா?" என்றாள்.

"வேணும்னுதான் தப்பாச் சொன்னேன்" என்றாள் அந்தப் பெண்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மேடத்தின் பேனா நின்றது. "என்ன சொன்ன?"

"எனக்கு எல்லாம் தெரியும். மொத பரீட்சைல மட்டுந்தான் ஃபெயில். அப்புறம் படிச்சுட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஒரு தடவ சரியாச் சொன்னேன். அம்மா சரின்னு தலையாட்டிட்டு சும்மா உக்காந்திருந்தாங்க. அப்புறம் என்ன பண்றதுன்னே தெரியல. ரெண்டு பேரும் சும்மாவே பாத்துட்டு இருந்தோம். தப்பாச் சொன்னா சிரிப்பாங்க. மறுபடி மொதல்லேர்ந்து சொல்லித்தருவாங்க. அதனாலதான்."

"இத எப்படி நம்பறது?" என்றார் கழுகார். ஆனால் குரலில் பழைய கெத்து இல்லை.

மேடம் என்னைப் பார்த்தார். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய் சித்தியை இழுத்து வந்தேன். மேடம் ஒரே கேள்விதான் கேட்டார். "இந்தப் பொண்ணு கிரேக்கத்துல எப்படி?"

சித்தி அக்காவைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், விழித்தாள். "சொல்லலாமாடி?" என்றாள். பெண் தலையசைத்தாள். "கிளாஸ்லயே மொத மார்க்கு மேடம். அக்காகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. ஏன்டி, எதுக்குடின்னு கேட்டா அழுவா."

மேடம் அறிக்கையைக் குறுக்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். கழுகார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கேமராவைப் பார்க்க ஆளில்லை என்று வெளியே போனார். டீச்சர் கைக்குட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். காப்பாற்றிவிட்டோம் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் கண் இஸ்திரி மேல் இருந்தது.

அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. முகம் விழுந்துவிட்டது. இத்தனை மாதமாக நீராவிக்கு நடுவில் நின்று, விரலை மடக்கி மடக்கி அவள் முணுமுணுத்ததை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று தேய்க்கிறவர்களிடம், என் பொண்ணுக்கு நான்தான் பாடம் சொல்லித்தரேன் என்று பெருமை அடித்துக்கொண்டதையும் கேட்டிருக்கிறேன். உள்ளே வந்த பிறகு அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே பெருமை அது.

"அப்போ நான் சொல்லித்தந்தது எதுவுமே உனக்கு வேண்டியிருக்கலையா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்னா எல்லாத்தையும் சரியாவே சொல்லிட்டுப் போயிருப்பேனேம்மா" என்றாள் மகள்.

அம்மா என்ற சொல் இஸ்திரியின் காதில் விழுந்து எத்தனை காலம் ஆயிற்றோ. அவள் நான் பிடிப்பதற்குள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விதி என்ன சொல்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். மேடமும் திடீரென்று மேசை இழுப்பறையில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

என் முதுகுக்குப் பின்னால் பை கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு அழுகைச் சத்தம், இரண்டு பேருடையதும். வெகு நேரம் கழித்து மூக்கடைத்த குரலில் இஸ்திரி கேட்டாள். "அந்த இறந்தகாலம் எப்படிடி வரும்?"

மகள் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். இரண்டாவது விரலிலேயே தடுக்கி விழுந்தாள்.

"அது இல்லம்மா. மறுபடி மொதல்லேர்ந்து" என்றாள் மகள்.